முந்நூறாவது கால்

என் கை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, பிறவியிலேயே அப்படி. ஆனால் எங்கள் தொழிலில் அது பெரிய வரம். குளிரூட்டிய வார்டில் பாதத்தை நீட்டிக்கொண்டு படுத்திருப்பவரை ஜில்லென்ற கையால் தொட்டால் துள்ளி எழுவார். என் கை பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போய்விட, நான் கால் மணி நேரம் குனிந்த மேனிக்கே நின்றிருக்கிறேன். முதுகு வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

உங்கள் விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கை சென்ற வாரம் கிடைத்தது. மூன்று பேர் ஏழு வாரம் உட்கார்ந்து விசாரித்து எழுதியது, எழுத்துப்பிழைகூட இல்லை. அதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, என் அக்காவின் கணவருக்கு வலது கால் போனதில் என் பங்கு ‘அனுபவமுள்ள மருத்துவருக்கும் நேரக்கூடிய நேர்மையான தவறு’. இரண்டு, வார்டின் ஹெட் சிஸ்டர் கருவியைச் சரியாகப் பராமரிக்கவில்லை, உரிய நேரத்தில் வேறு மருத்துவரைக் கூப்பிடவில்லை. எனவே அவரை வேலையிலிருந்து நீக்கலாம். மறுப்பு இருந்தால் பத்து நாளுக்குள் எழுதலாம், எழுதுவதானால் முதலில் பயிற்சி, மருத்துவப் பணி, ஆராய்ச்சி ஆர்வம் ஆகியவற்றைச் சுருக்கமாகத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறிக்கையில் ஒரே ஒரு சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எந்தச் சொல் என்று கடைசியில் சொல்கிறேன். மற்றபடி நீங்கள் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். சுருக்கமாக இருக்காது. என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்பது மருத்துவமனை முழுக்கத் தெரிந்த சங்கதி.

முதலில் பயிற்சி.

நான் ரத்தக்குழாய் அறுவைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. இதயத்தை அறுக்க வேண்டும் என்பதுதான் கனவு. அங்கே இடம் கிடைக்கவில்லை. மூளைப் பிரிவின் நேர்காணலில் உட்காரவைத்து, டீ கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். காலியாக இருந்தது ரத்தக்குழாய்ப் பிரிவு மட்டும். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். அத்தான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் டிரைவர்.

“அப்ப உடம்புக்குள்ள பைப் அடைச்சுக்கிட்டா உன்னைத்தான் கூப்பிடணுமா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“பிளம்பர்னு சொல்லிட்டுப் போயேன். இதுக்கு ஏன் இவ்ளோ நீளமா ஒரு பேரு?”

அன்றிலிருந்து நான் அவருக்கு பிளம்பர்தான். பஸ்ஸில் ஏறுகிற தெரிந்தவர்களிடமெல்லாம் எங்க வீட்டு பிளம்பர் இன்னைக்கு ஒருத்தர் காலைக் காப்பாத்திட்டான் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுப்பாராம். எனக்குக் கோபம் வரும். ஆனால் என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

பயிற்சி ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் கொக்கி பிடித்தேன். கொக்கி பிடிப்பது என்றால், மற்றவர் வெட்டிய இடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கு அரித்தாலும் சொறியாமல் நாலு மணி நேரம் நிற்பது. அதில் நான் கெட்டிக்காரன். அப்புறம் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கப் பழகினேன். அதில் சுமார்தான், இதை எங்கும் சொன்னதில்லை, இப்போது சொல்வதால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இறுதித் தேர்வில் ஒருவரைப் படுக்கவைத்து, பாதத்தில் நாடி இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் போன நான்கு பேரும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இருக்கிறது, ரொம்ப மெல்லியதாக இருக்கிறது என்றேன். இருந்தது. தேர்வாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு இருபத்தோரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்று நான் சொன்னது முழுக்கச் சரி. வினையே அதுதான்.

அடுத்தது மருத்துவப் பணி.

காலுக்குப் போகும் குழாய் அடைத்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். ஐம்பது அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும். அடுத்த கட்டத்தில் சும்மா படுத்திருந்தாலே வலிக்கும். அதற்கும் அடுத்து ஒரு விரல் கறுக்கும். நான் அவர்கள் தொடையிலிருந்தே ஒரு சிரையை உருவி எடுத்து, அடைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி புதுப் பாதை தைத்துக் கொடுப்பேன். அத்தான் இதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: ஊருக்கு வெளியே போடுகிற ரோடு.

தைத்த பாதையில் முதல் சில மணி நேரத்தில் ரத்தம் உறைந்துவிடலாம். உடனே கண்டுபிடித்துத் திரும்பத் திறந்தால் உறைந்ததை எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றிவிடலாம். நான்கு மணி நேரம் தாண்டினால் தசை சாகத் தொடங்கும். அதனால் அறுவை முடிந்த காலில் மணிக்கு ஒருமுறை நாடி பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் மற்றதெல்லாம் அலங்காரம், விஷயம் இது ஒன்றுதான்.

நாடி பார்க்க இரண்டு வழி. விரலால் தொட்டுப் பார்க்கலாம். அல்லது கைக்கு அடக்கமான ஒரு ஒலிக் கருவி இருக்கிறது. பாதத்தில் களிம்பு தடவி அதன் முனையை வைத்தால், ரத்தம் ஓடும்போது குஷ், குஷ் என்று சத்தம் கேட்கும். ஓடாவிட்டால் கேட்காது. இரண்டு பேட்டரியில் ஓடும் சின்ன டப்பா. இத்தனை வருடப் படிப்பும் அனுபவமும் கொண்ட ஒருவனைவிடக் கெட்டிக்காரத்தனமான சாமான் கோட்டுப் பைக்குள் அடங்குகிறது என்பதே எனக்கு அவமானமாக இருந்தது. நான் விரலால்தான் பார்ப்பேன். நாடி தட்டுப்படும் இடத்தில் பச்சைப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். நர்சுகள் அதை சாரோட கையெழுத்து என்பார்கள். ஜூனியர் டாக்டர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் விரல். “விரல் வருது, விரல் வருது” என்று வராந்தாவில் கிசுகிசுப்பார்கள். கேலிதான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஹெட் சிஸ்டர் அந்த வார்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். நான் விரல் வைத்து இருக்கு என்றால் சரி சார் என்பார். நான் நகர்ந்ததும் கருவியை எடுத்து அதே இடத்தில் வைத்துக் கேட்பார். எனக்குத் தெரியும். சமைத்தவள் கண்ணெதிரிலேயே உப்பு ஜாடியைக் கேட்டு வாங்குவதுபோல எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது, ஆராய்ச்சி ஆர்வம். என் ஆராய்ச்சி ஆர்வம் ஒன்றே ஒன்றுதான்: என் விரல்.

தலைப்பு இவ்வளவு வெட்கமில்லாமல் இருக்கவில்லை. அறுவைக்குப் பிந்தைய பாத நாடியைக் கண்டறிவதில் தொடு பரிசோதனையும் ஒலிக் கருவியும், முந்நூறு கால்களில் ஓர் ஒப்பீடு என்று கௌரவமாகவே வைத்திருந்தேன். அறுவை முடிந்த மூன்றாவது மணி நேரத்தில் முதலில் நான் தொட்டுப் பார்த்து எழுதுவேன், பிறகு சிஸ்டர் கருவியில் கேட்டு எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால் அட்டவணையில் ‘ஒத்துப்போகிறது’. நல்ல விரல் இருந்தால் கருவி தேவையில்லை என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். உலகம் இதற்காகத் தவித்துக்கொண்டிருக்கவில்லை.

முதல் இருநூற்று எண்பத்தொரு கால்களில் பதினொன்று ஒத்துப்போகவில்லை. பதினொன்றிலும் நான் இருக்கிறது என்றேன், கருவி இல்லை என்றது. நான் பேட்டரியைக் குறை சொன்னேன். அந்தப் பதினொருவரில் ஏழு பேருக்கு ஹெட் சிஸ்டர் என்னிடம் சொல்லாமலே அடுத்த பிரிவு சர்ஜனைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் திரும்பத் திறந்து காலைக் காப்பாற்றினார். மீதி நான்கு பேருக்குக் கால் போயிற்று. செயற்கைக்கால் செய்பவரின் பட்டறைக்கு நான் அடிக்கடி போகவேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டறை மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவரெல்லாம் கால்கள் தொங்கும். செயற்கைக்கால்காரர் வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, எதையாவது அரத்தால் ராவிக்கொண்டே பேசுவார். அன்று புதிதாக ஒரு பாதம் செய்து மேசையில் வைத்திருந்தார். சிலிக்கான் பாதம். தோலின் நிறம், நகம், மேலே ஓடும் நரம்பு வரை அச்சு அசல். நான் அவரிடம் ஏதோ ஒரு நோயாளியின் அளவு பற்றிப் பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில், மூன்று விரலை அந்தப் பாதத்தின் மேல் வைத்தேன்.

நாடி அடித்தது.

நன்றாகவே அடித்தது. இடது கை விரலை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் அடிக்கும்போதெல்லாம் பாதத்திலும் அடித்தது. விரலை அழுத்தி வைத்தால் விரல் நுனியில் ஓடும் நம் ரத்தமே நமக்குத் தட்டுப்படும். கை வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தட்டுப்படும். இது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. வருடா வருடம் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான்: சந்தேகம் வந்தால் இன்னொரு கையால் உன் கழுத்தைப் பிடித்துப் பார், இரண்டும் சேர்ந்து அடித்தால் அது உன் நாடி. என் பாடத்தில் நான்காவது பக்கம். படம்கூட உண்டு.

“என்ன சார், உயிர் இருக்கா?” என்று செயற்கைக்கால்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்பத் தத்ரூபமாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினேன். மனிதர் சந்தோஷப்பட்டார்.

ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். பட்டறையிலிருந்து வார்டுக்கு நடக்க நாலு நிமிடம் ஆகும். அதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். பதினோரு கால்களைத் திருத்தினால் கட்டுரை போயிற்று. நான்கு பேருக்குப் பதில் சொல்லவேண்டிவரும். வராந்தாவில் என் பெயர் என்னவாகும் என்று நினைக்கவே கூசியது. மீதி பத்தொன்பது கால்களை ஒழுங்காகப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை போட்டேன்: என் நோயாளிகளுக்கு என் அனுமதி இல்லாமல் வேறு மருத்துவரை அழைக்கக் கூடாது. நோயாளிகளின் நலன் கருதி என்று முடித்தேன். ஹெட் சிஸ்டர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தானுக்கு அறுவை நடந்த அன்று அவர் ஏன் உடனே வேறு டாக்டரைக் கூப்பிடவில்லை என்று அறிக்கையில் வியந்திருக்கிறீர்கள். அந்தக் காகிதம் வார்டு பலகையில் இன்னமும் குத்தியிருக்கும்.

இனி அத்தான் விஷயம்.

அக்காதான் அழைத்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதமாக வலியை மறைத்திருக்கிறார். பஸ் நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்கி டீக்கடை வரை போக முடியாமல் நடுவில் நின்று, யாருக்கோ போன் பேசுவதுபோல் நடித்திருக்கிறார். அக்கா இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால். பரிசோதித்தேன். தொடைக்குக் கீழே முழுக்க அடைத்திருந்தது.

“இத பாரு பிளம்பர்,” என்றார். “இடது காலா இருந்தா எடுத்துக்கோன்னு சொல்லிருப்பேன். இது ஆக்ஸிலேட்டர் கால். இது இல்லன்னா நான் வீட்ல உக்காந்து உங்க அக்காகிட்ட பேச்சு வாங்கணும்.”

அக்கா சிரிக்கவில்லை. “அவருக்கு வண்டி இல்லன்னா ஒண்ணும் இல்லடா,” என்றாள். “உன் கையிலதான் ஒப்படைக்கிறேன்.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சூடு என்றாள், சின்ன வயதில் சொன்னதைப் போலவே.

சொந்தக்காரருக்கு அறுவை செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். அடுத்த பிரிவு சர்ஜன் மறுநாளே செய்து தருவதாகச் சொன்னார். தையலில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் வேண்டாம் என்றேன். அப்போது இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று கால்கள் முடிந்திருந்தன. பன்னிரண்டு நாளில் எங்கள் சங்கத்தின் மாநாடு, எங்கள் மருத்துவமனை அரங்கிலேயே நடப்பதாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு என் பேச்சு. முந்நூறு கால்கள் என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. முந்நூறாவது கால் என் குடும்பத்தினுடையது என்று கடைசியில் ஒரு படம் போட்டுக் காட்டினால் நெகிழ்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அத்தானிடம் ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் காத்திருக்கவைத்தேன். அந்தப் பன்னிரண்டு நாளில் அவருடைய கால் சுண்டுவிரல் கறுத்தது.

அறுவை காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்தது. நன்றாகவே செய்தேன், அதை மட்டும் நம்புங்கள். முடிந்ததும் விரல் வைத்தேன். கழுத்திலும் கை வைத்துப் பார்த்தேன். பாதத்தில் அடித்தது அத்தானுடைய நாடி. என்னுடையதைவிட நிதானமாக அடித்தது. எனக்குக் கண் கலங்கியது. பச்சைப் பேனாவால் குறி போட்டேன். வெளியே வந்து அக்காவிடம் ரத்தம் ஓடுது என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று இருபதுக்கு ஹெட் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். சத்தம் குறைந்துகொண்டே வந்தது, இப்போது இல்லவே இல்லை என்றார். போனேன். அத்தான் விழித்திருந்தார், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசிதான் போட்டிருந்தோம். விரலை வைத்தேன். இடது கை என் கழுத்தில் இருந்தது. டையைத் தளர்த்துகிறேன் என்று சிஸ்டர் நினைத்திருப்பார்.

“இருக்கு,” என்றேன்.

“சார், கால் ஜில்லுனு இருக்கு.”

ஏசி என்றேன். ஒரு கம்பளியை எடுத்துப் பாதத்தின் மேல் போடச் சொன்னேன். கருவியில் கோளாறு, நான் பார்க்கிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். இரண்டு பேட்டரியையும் கழற்றி மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஸ்டேப்ளருக்குப் பின்னால் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. வெறும் டப்பாவை வார்டுக்கு அனுப்பிவிட்டேன். சிஸ்டர் கருவியைப் பராமரிக்கவில்லை என்ற உங்கள் முடிவு இதிலிருந்து வந்தது.

நான்கு மணிக்கு மாநாட்டு விருந்தினர்கள் ஆறு பேர் முந்நூறாவது காலைப் பார்க்க வருவதாக இருந்தது. மூன்று ஐம்பதுக்கு நான் கீழ்த்தளத்துக்குப் போய், லிஃப்டை விட்டுவிட்டு, நான்கு மாடியும் படியேறி வந்தேன். வேகமாக ஏறினேன். வழியில் ஒரு துப்புரவுப் பணியாளர் லிஃப்ட் வேலை செய்கிறது சார் என்று சொன்னார். உடற்பயிற்சி என்றேன். மேலே வந்தபோது நாக்கு தள்ளியது. தொப்பை வைத்த மனிதன் செய்கிற காரியமா அது. ஆனால் விரல் நுனி ஒவ்வொன்றும் தம்தம்மென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் ஏறினேன்.

விருந்தினர் முன்னால் கம்பளியை விலக்கி விரலை வைத்து, கண்ணை மூடி, இருக்கிறது என்றேன். பக்கத்தில் என் ஜூனியர் நின்றிருந்தான். அவன் விரலைக் குறியின் மேல் வைக்கச் சொல்லி, அதன் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். தெரியுதா என்று கேட்டேன். அவன் முகத்தில் முதலில் சந்தேகம் வந்தது, பிறகு நிம்மதி வந்தது. “நல்லா தெரியுது சார்,” என்றான். அவனைக் கோபிக்காதீர்கள். அவனுக்கு உண்மையிலேயே தெரிந்தது. அது என்னுடையது, அவ்வளவுதான். சிஸ்டருக்கான கட்டத்தில் கருவி பழுது என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் வெளியே போனதும் அத்தான் கூப்பிட்டார். “பிளம்பர், கால் விரலை ஆட்டிப் பாக்கறேன், ஆட மாட்டேங்குது.” மரத்துப்போகிற ஊசி, அப்படித்தான் இருக்கும் என்றேன். “இடது கால் ஆடுதேப்பா,” என்றார். நான் போர்வையைச் சரிசெய்தேன். “சரி, நீ சொன்னா சரி. போ, உனக்கு இன்னைக்கு கூட்டம் இருக்குல்ல, நல்லா பேசு,” என்றார்.

அறுவைக்கூடம் ஆறு மணி வரை காலியாக இருந்தது. ஒரு மணி நேர வேலை. அடுத்த பிரிவு சர்ஜன் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து செய்தித்தாளில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் அரங்குக்குப் போனேன். மரியாதைக்காகப் போனை அணைத்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். கடைசிப் படம் வந்தபோது நான் எதிர்பார்த்தது போலவே நெகிழ்ந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். கண்ணாடியில் செய்த ஒரு நினைவுப்பரிசு கொடுத்தார்கள், விரல் வடிவத்தில் இல்லை என்பதுதான் குறை. அதற்குள் சிஸ்டர் என் போனுக்கு ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார், இரண்டு முறை அரங்க வாசலுக்கே ஆள் அனுப்பியிருக்கிறார். பேச்சின் நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாசலில் நான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அப்புறம் விருந்து. ஏழு மணிக்கு சிஸ்டர் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, என் சுற்றறிக்கையை மீறி, அடுத்த பிரிவு சர்ஜனைக் கூப்பிட்டார். அவர் உடனே திறந்தார். குழாயில் இருந்ததை எடுத்தார். ஆனால் அதற்குள் கெண்டைக்கால் சதை சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தோம். எடுத்தோம் என்பது மரியாதைப் பன்மை. நான்தான் எடுத்தேன். அக்கா நான்தான் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வேறு யாரையும் நம்ப முடியவில்லையாம்.

மயக்கம் தெளிந்ததும் அத்தான் போர்வை பள்ளமாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பைப்பைச் சரி பண்ணச் சொன்னா சுவரையே இடிச்சுட்டியே,” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை பிளம்பர் என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பஸ் சாவியை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு வர அக்காவைத்தான் அனுப்பினார்.

அக்கா வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உன்னாலதான்டா உயிராவது மிஞ்சுச்சு. அந்த சிஸ்டர் ஒழுங்கா பாத்திருந்தா காலும் மிஞ்சிருக்கும்,” என்றாள். சிஸ்டர் மேல் புகார் கொடுக்கச் சொன்னவன் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஐந்து நிமிடம் அப்படி இருந்தது. பிறகு ஓபி நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று வந்து கூப்பிட்டார்கள்.

ஏழு வாரமாக நீங்கள் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் அடக்கமாகப் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உங்கள் அறிக்கையையும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கலாம். எனக்கு வேலை இருக்கும், பெயர் இருக்கும், அக்கா இருப்பாள். ஹெட் சிஸ்டர் மட்டும் போவார். அவருக்கு நியாயம் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன் என்று நேற்று வரை நானே நம்பிக்கொண்டிருந்தேன். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இழுப்பறையைத் திறந்து பாருங்கள், பலகையைப் பாருங்கள், துப்புரவுப் பணியாளரைக் கேளுங்கள். காலை அறுத்தவனும் நான், அதை அறுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தவனும் நான். தெரிந்தே செய்தேன். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் முதலில் சொன்னேனே, ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று. ‘தவறு’ என்ற சொல்தான் அது. தன் விரலில் அடித்த நாடியை நோயாளியின் நாடி என்று நினைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருட மாணவன் செய்கிற காரியம் அது. அடுத்த பிரிவு சர்ஜன் அதைப் படித்துவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார். வராந்தாவில் ஜூனியர்கள் கிசுகிசுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்தால் பாவம் என்று ஒதுங்கி வழி விடுகிறார்கள். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டறைக்குப் பிறகு பார்த்த பத்தொன்பது கால்களில் என் விரல் ஒருமுறைகூட ஏமாறவில்லை. அன்று மூன்று இருபதுக்கு அத்தான் பாதத்தில் அதை வைத்தேன், இன்னொரு கையைக் கழுத்தில் வைத்தேன், பத்தே விநாடியில் அது எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாடி இல்லை. அதே நேரத்தில் கருவியும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது என் வாய், விரல் இல்லை.

ஆகவே அட்டவணையின் முந்நூறாவது வரியில் ‘ஒத்துப்போகிறது’ என்று வர வேண்டும். அதை மட்டும் திருத்திவிடுங்கள்.